உப்புக்குளத்துப் பெண்ணுக்கு வலீயாகப் போனேன்

வெள்ளிக்கிழமை காலை 5.40. சுபஹு தொழுத கையோடு புத்தளம் பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டேன். எனக்குச் சொந்தமாக வான் இருக்கிறது, ஓட்ட மகன் இருக்கிறான். ஆனாலும் தூரப் பயணம் என்றால் நான் பஸ்ஸில்தான் போவேன். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, அலுமினியச் சட்டி சுமந்து ஊர் ஊராக விற்ற காலத்தில் என்னை ஏற்றி இறக்கியது பஸ்தான். இன்றைக்கு இரண்டு தட்டு இரும்புக்கடைக்கு முதலாளி என்பதற்காக அதை மறக்கிற ஆள் நான் இல்லை. அனுராதபுரம் எழுபத்தைந்து கிலோமீற்றர். டிக்கட் 310 ரூபாய்.

போன காரணத்தைச் சொல்கிறேன். மன்னார் உப்புக்குளத்தில் என் தம்பி ஜவாத்தின் மகள் ஷிப்னாவுக்கு அன்று நிக்காஹ். தம்பி மவுத்தாகிப் பதினாறு வருஷம். பிள்ளையை வளர்த்து ஆளாக்கியது அவளுடைய தாய்மாமன் சலீம். கலியாண எழுத்துக்கும் வலீ என்று சலீமின் பெயரைத்தான் கொடுத்திருந்தார்கள். புதன்கிழமைதான் பதிவுகாரர் கவனித்து, "தாய்மாமன் வலீயா இருக்க ஏலாது" என்று சொல்லியிருக்கிறார்.

வலீ என்றால் பெண்ணை மணமுடித்துக் கொடுக்கிற பொறுப்பாளர். எங்கள் மார்க்கத்தில் அது தகப்பன் வழியில்தான் போகும். முதலில் வாப்பா. அவர் இல்லாவிட்டால் வாப்பாவின் வாப்பா, பிறகு கூடப்பிறந்த ஆண்கள், அவர்களின் ஆண்பிள்ளைகள், அதற்கும் பிறகு வாப்பாவின் சகோதரர்கள். எங்கள் வாப்பா இப்போது இல்லை. ஷிப்னா ஒற்றைப் பிள்ளை. எண்ணிக்கொண்டு வந்தால் விரல் என்னில் வந்து நிற்கிறது. நான் போகாவிட்டால் விஷயம் காதி நீதிபதியிடம் போய் நாள் தள்ளிப்போகும். தம்பியின் மனைவி போனில் அழுதாள். "நான் இருக்கிறன், வாறன்" என்று ஒரே பேச்சில் முடித்தேன். என்னுடைய மூன்று மகள்மாரையும் நானே நிக்காஹ் சொல் சொல்லிக் கட்டிக்கொடுத்தவன். அந்தச் சொல் எனக்குத் தண்ணிபட்ட பாடு.

8.20க்கு அனுராதபுரத்தில் மன்னார் பஸ், 460 ரூபாய். மதவாச்சியில் பக்கத்தில் ஒரு வயதான அம்மா ஏறினா, கழுத்தில் செபமாலை. மடு மாதாவிடம் போகிறாவாம்.

"கலியாணத்துக்கோ ஐயா? புதுச் சேட்டு மணக்குது."

"ஓம். பெண்ணைக் குடுக்கிறதே நான்தான்" என்று முழுக் கதையையும் சொன்னேன். செட்டிகுளம் வரை கேட்டுக்கொண்டே வந்தா.

"எங்கட ஆக்களில தகப்பன் இல்லாட்டி மாமன் கையைப் பிடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிக்கொண்டு போவார். வளர்த்த மனுசன் அங்க நிக்க, நீங்கள் ஏன் இவ்வளவு தூரம்?"

"மார்க்கச் சட்டம் அம்மா."

"சட்டம் சரி. பிள்ளையைக் கடைசியா எப்ப பார்த்தனீங்கள்?"

ஒன்பது வருஷம் என்று சொல்ல வாய் வரவில்லை. "வியாபாரம்" என்றேன். "ஓம், ஓம்" என்று சிரித்தா. மடுச் சந்தியில் இறங்கும்போது, "உங்கட பிள்ளைக்கும் சேர்த்து மாதாவிட்டக் கேக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனா. முன்பின் தெரியாத மனுசி. இந்தப் பக்கத்துச் சனங்களின் மனசு அப்படி.

11.10. தள்ளாடிச் சந்தி தாண்டினால் மன்னார்த் தீவுக்குப் போகிற பாதை. மூன்று கிலோமீற்றர், இரண்டு பக்கமும் கடல், முழங்கால் தண்ணீரில் கொக்குகள். நான் மக்கா மதீனா பார்த்தவன், சிங்கப்பூர் பார்த்தவன். இப்படி ஒரு வாசல் எந்த ஊருக்கும் இல்லை. பஸ் நிலையத்தில் கழுதைகள் நிழலுக்கு ஒதுங்கி நின்றன. அவற்றுக்கு நடுவில் மோட்டார் சைக்கிளோடு சலீம்.

"வாங்கோ மச்சான். இந்தப் பக்கமா நிண்டு கதையுங்கோ. மற்றக் காது கடலில."

கடலட்டைக்கு முக்குளிக்கிறவர் சலீம். அந்த வேலையில் இடது காது போய்விட்டது. அப்படி முக்குளித்துத்தான் அக்காவையும் பிள்ளையையும் பார்த்திருக்கிறார். நாலு அறை வீடு, நிலைக்கண்ணாடி வைத்த அலுமாரி, ஷிப்னாவுக்கு ஆசிரியர் வேலை வரைக்கும் படிப்பு. நான் எத்தனையோ பேர் வீடு கட்ட இரும்பு கொடுத்தவன், கட்டிடம் பார்த்தால் தரம் தெரியும். சுவரில் ஒரு வெடிப்பு இல்லை.

ஜும்ஆ தொழுது சாப்பிட்ட பிறகு தம்பி மனைவி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "மச்சான், சலீம் ஆறு மாசமா வள்ளத்தில போகேக்க அந்த நிக்காஹ் சொல்லைப் பாடமாக்கினவர். புதன்கிழமைக்குப் பிறகு அதைப் பற்றி வாய் திறக்கேல்ல."

மாலை 4.15. அஸர் முடிந்து பந்தல் நிறைந்துவிட்டது. இரண்டு சாட்சிகளோடு பெண்ணின் அறைக்குப் போனேன். பெண்ணின் சம்மதம் கேட்காமல் வலீ வாய் திறக்கக் கூடாது; மாப்பிள்ளை கொடுக்கிற மஹரையும் சொல்லித்தான் கேட்க வேண்டும். "மகள், மூன்று பவுண் மஹருக்கு அஸ்லமுக்கு உன்னை நிக்காஹ் செய்து குடுக்கச் சம்மதமா?"

இப்படிக் கேட்டால் பெண்கள் தலையைக் குனிவார்கள், அதுவே போதும். இவள் நிமிர்ந்தாள். தம்பியின் கண் அப்படியே.

"சம்மதம் பெரியவாப்பா." கொஞ்சம் பொறுத்து, "அந்தச் சொல்லை மட்டும் மாமா சொன்னா ஏலாதா?"

சாட்சிகள் நிலத்தைப் பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்றது, ஏன் பொய் சொல்ல வேண்டும். இவ்வளவு தூரம் வந்தவன், சந்தையில் என் சொல்லுக்கு மறுசொல் கேட்காதவன். ஆனால் அவள் கேட்டதில் எனக்கு ஒரு பிழையும் பிடிபடவில்லை. வெளியே வந்து பதிவுகாரரிடம் கேட்டேன்.

"ஹாஜியார், வலீ நீங்கள்தான். அதை ஒருத்தரும் எடுக்க ஏலாது. ஆனா உங்களுக்குப் பதிலாச் சொல்ல ஒராளை வக்கீலா வைக்கலாம். வழமையா என்னைத்தான் வைக்கிறது."

"சலீமை வைக்கலாமோ?"

"முஸ்லிமா, வயசு வந்த ஆம்பிளையா, புத்தி தெளிவா இருந்தாச் சரி."

"புத்தி இருக்கு, காதுதான் இல்ல" என்றார் ஒரு சாட்சி.

"வாய் இருந்தாக் காணும்" என்றார் பதிவுகாரர்.

சலீம் பந்தலில் இல்லை. பின்பக்கம் சமையல்காரரோடு சோற்றுச் சட்டியருகே நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"வேண்டாம் மச்சான். எனக்கு உரித்தில்லாததை நான் எடுக்கமாட்டன்."

"உரித்து எனக்கு. நான் தாறன். நாப்பது வருசமா வியாபாரம் செய்யிறன், ஒருத்தனுக்கும் ஒண்டும் ஓசியாக் குடுத்ததில்ல. வாங்கிக்கொள்."

அவர் சிரிக்கவில்லை. கையைக் கழுவினார். சேட்டின் மேல் பொத்தானைப் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார். பதிவுகாரர் முன்னால் நான் அவரை வக்கீலாக ஒப்படைத்தேன். அவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வலீயின் வக்கீலாக நான், ஜவாத்தின் மகள் ஷிப்னாவை, மூன்று பவுண் மஹருக்கு உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்."

காது கேளாதவருக்குத் தன் சத்தத்தின் அளவு தெரியாது. கூரையில் இருந்த காகங்கள் கிளம்பின. மாப்பிள்ளை திடுக்கிட்டு, தானும் அதே சத்தத்தில், "ஏற்றுக்கொண்டேன்" என்றார். பந்தல் சிரித்தது. உள்ளே அறையில் மட்டும் ஒரு தேம்பல் கேட்டது. வலீ என்ற இடத்தில் கையெழுத்து நான்தான் போட்டேன். முப்பது வயதில் பழகிய கையெழுத்து. அன்று நன்றாக விழுந்தது.

சனிக்கிழமை காலை 7.15. பஸ் நிலையத்துக்குச் சலீம் கருவாட்டுப் பொதியோடு வந்தார்.

"மச்சான், கனக்கச் சத்தமாச் சொல்லிப்போட்டனோ?"

"தலைமன்னாருக்குக் கேட்டிருக்கும்."

புத்தளத்தில் என் மகள்மாரின் கலியாணங்கள் பெரிய மண்டபத்தில் நடந்தன. ஒலிபெருக்கி வைத்து, எழுநூறு பேருக்குச் சாப்பாடு. நான் சொன்ன சொல்லில் ஒரு பிசகு இல்லை. ஆனால் ஆறு மாதம் அதைப் பாடமாக்கிக் காத்திருந்தவன் இல்லை நான்.

பஸ் ஹோர்ன் அடித்தது. "ஒன்பது வருசம் வராமல் இருந்ததுக்குப் பொறுத்துக்கொள்" என்றேன். சலீம் பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் நின்றது கடல் எடுத்த காதுப் பக்கம். ஒரு சொல்லை இரண்டு தரம் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. சுற்றி மற்றப் பக்கம் போய்த் திரும்பச் சொன்னேன்.