சைக்கிள் பாதையும் என் மேல் வந்த கரிசனமும்

எங்கள் படூர் தெருவில் எனக்கு வயதாகிவிட்டது என்பது ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்தது. சைக்கிளுக்குத் தனிப் பாதை போடப்போகிறார்கள் என்று சேதி வந்த மறுநாளே எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டது.

முதலில் வந்தவர் எதிர் வீட்டுக்காரர், குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர். அவருக்கு இரண்டு கார். ஒன்று ஓடும். இன்னொன்று உறை போட்டுத் தெருவிலேயே நிற்கும்; அதன் அடியில் நாய் குட்டி போட்டு, அந்தக் குட்டிகளும் வளர்ந்து குட்டி போட்டாயிற்று. பேச்சு நாய்ப் பக்கம் போய்விட்டது. அவர் வந்து உட்கார்ந்து, "ஆயா, சைக்கிள் சர்ருனு வந்தா நீ எப்படி ரோட்ட தாண்டுவ? நெனச்சாலே பயமா கீது" என்றார். அவர் கார் பின்பக்கமாக வரும்போதெல்லாம் நான் பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொள்வேனே, அப்போது வராத பயம்.

ஆனாலும் பாதையைப் பற்றிச் சங்கம் போடும் கூட்டத்துக்கு வந்து பேசச் சொன்னதில் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். நாற்காலி போட்டு, டீயும் போண்டாவும் தருவார்களாம். எழுதப் படிக்கத் தெரியாதவளை இதற்கு முன் யார் பேசக் கூப்பிட்டார்கள்?

எனக்கு வேறு கவலை இருந்தது. என் மருமகள் சைக்கிளில்தான் ஒரு காலேஜ் ஹாஸ்டலுக்குச் சமையல் வேலைக்குப் போகிறாள். நின்றிருந்த காரிலிருந்து ஒருவர் பார்க்காமல் கதவைத் திறக்க, இடித்து விழுந்து அவள் மணிக்கட்டு வீங்கிப்போனது. வேலையை விட்டுவிடு, சைக்கிளை விற்றுவிடலாம் என்று என் பையன் முடிவு கட்டிவிட்டான். "அந்த வேல போச்சுனா நான் நாலு செவுத்தையே பாத்துகினு கெடக்கணும் அத்த" என்றாள் அவள். பாதை வருகிறதா பார்ப்போம், அதுவரை பொறு என்று அவனைப் பிடித்து வைத்திருந்தேன்.

கூட்டத்துக்குப் பாதை போடுகிற இன்ஜினியர் வந்திருந்தார், சின்ன வயசு. ஆம்புலன்ஸ் வர வழியிருக்காது என்றார் ஒருவர். அவர் வீட்டு முன்னால் கொட்டிக் கிடக்கும் மணலைத் தாண்டி ஆடுகூட வராது. தண்ணீர் லாரி எங்கே நிற்கும் என்றார் இன்னொருவர். நெம்மேலியில் கடலையே குடிதண்ணீராக்கி அனுப்புகிறார்கள், எங்கள் தெருவுக்கு மட்டும் லாரிதான். அந்தக் கவலை ஒன்றுதான் நியாயம். கடைசியில் தலைவர் எழுந்து, "இங்க எவன் சார் சைக்கிள் ஓட்றான்?" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். கழுகு வருமென்று திருக்கழுக்குன்றம் மலையேறி, வெயிலில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் இவர்கள். வாசலில் தினமும் போகிற சைக்கிள் மட்டும் தெரியவில்லை.

"ஆயா கஷ்டத்த ஆயாவே சொல்லட்டும்" என்று என்னை எழுப்பிவிட்டார்கள்.

"ரோட்ட தாண்ட எனக்கு இன்னா கஷ்டம் நைனா?" என்று இன்ஜினியரிடம் சொன்னேன். "ஓரமா நடக்கத்தான் கஷ்டம். வூட்டுக்கு வூடு கார் ஏத்த ஸ்லோப்பு கட்டி ரோட்டுல வுட்டுகீறாங்க. எம் மருமவ சைக்கிள்லதான் வேலைக்குப் போறா. கார் கதவுல அடிபட்டுகினு போறா."

தலைவர் சிரித்தார். "ஒரு ஆளுக்கு ஒரு பாதையா ஆயா?"

"உனுக்கு மட்டும் ஒரு ஆளுக்கு ரெண்டு காரு நிக்குதே, தலைவரே."

முதலில் சிரித்தது அவர் சம்சாரம்தான். போண்டாத் தட்டு என் பக்கம் வரவே இல்லை.

பாதை வந்தது. ஸ்லோப்பையெல்லாம் உடைத்தார்கள். ரோட்டில் நீட்டிக்கொண்டிருந்த என் வீட்டுப் படியும் போயிற்று. அதைப் பார்க்க மட்டும் தலைவர் வெளியே வந்து நின்றார். பாதைக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்ததைப் பார்த்தபின், சைக்கிளை விற்கிற பேச்சை என் பையன் எடுக்கவில்லை.

இப்போது காலையில் அந்தப் பாதையில் கைவீசி நடப்பவர் யார் தெரியுமா? அதே தலைவர், கூட இரண்டு பேர். டாக்டர் நடக்கச் சொன்னாராம். மருமகள் பின்னாலிருந்து மணியடித்தாள்.

"இன்னாமா, ஆள் நடக்கறது தெரில?"

"தெரியுதுங்க. உலை வைக்க நேரமாச்சு, தள்ளிக்கோங்க."

தள்ளிக்கொண்டார். முனகிக்கொண்டே, ஒரு சைக்கிள் போகிற அளவுக்கு.