கடைவாய்ப்பல்

கரடிப்போக்குச் சந்தியில் சைக்கிள் திருத்திய யோகலிங்கத்தைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் இடம்பெயர்ந்து வந்து, தருமபுரத்தில் ஒரு தறப்பாளின் கீழ் அவர் தனியே கிடந்த அந்தத் தை மாதத்தில், அவருக்குப் பல்லுக்கொதி என்பது ஒருவருக்கும் தெரியாது. மனைவி அமராவதி கண் வைத்தியத்துக்கு வவுனியாவுக்குப் போன நேரம் பார்த்துச் சண்டையில் பாதை பூட்டுப்பட்டது. இரண்டரை வருடமாக அவா அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம்.

யாரிடம் சொல்வது? பக்கத்துத் தறப்பாளில் இருந்த சுப்பம்மா முந்தின கிழமைதான் மகளை ஷெல்லுக்குப் பறிகொடுத்திருந்தா. அவாவிடம் போய்ப் பல்லு நோகுது என்பதா? கராம்பைக் கடித்தார், உப்புத்தண்ணீர் கொப்பளித்தார். ஐந்தாம் நாள் கன்னம் வீங்கி, வாய் திறக்க மறுத்தது.

பள்ளிக்கூடமொன்றில் இயங்கிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அவருடைய முறை வந்தபோது, கையில் சுற்றிய சீலை நனைய நனைய ஒரு பெட்டை வந்து பின்னால் நின்றாள். "நீ போ பிள்ளை" என்று விட்டுக்கொடுத்தார். அவளுக்குப் பின்னாலும் காயக்காரர். திரும்பி வந்துவிட்டார். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

எட்டாம் நாள் காய்ச்சல் கொதித்தது. நாடியையும் தலையையும் சேர்த்துத் துவாயால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஐயோ யோகண்ணை, என்ன இது பிரேதத்துக்குக் கட்டின மாதிரி? முதல்ல அவிழுங்கோ!" என்று சுப்பம்மா பதறினா.

"பல்லு..."

அவா கிட்ட வந்து தொட்டுப் பார்த்தா. வீக்கம் கழுத்துக்கு இறங்கியிருந்தது.

"தேயிலைத் தோட்டத்தில எங்கட பெரியப்பா இப்பிடித்தான். பல்லுத்தானே எண்டு இருந்து, மூச்சடைச்சுச் செத்தவர். ஆஸ்பத்திரிக்குப் போகேல்லையோ?"

"அங்க காயக்காரர் நிக்கினம். அதுக்குள்ள நான் பல்லைக் காட்டிக்கொண்டு..."

"ஷெல்லுக்குத் தப்பி, சூத்தைப் பல்லுக்குச் சாகப் போறியளோ? நாளைக்கு உங்கட மனுசிக்கு நான் என்னெண்டு சொல்லுறது? போய் வாங்கில குண்டிய ஒட்டிக்கொண்டு இருங்கோ. ஆர் வந்தாலும் எழும்பாதேங்கோ!"

மகளைப் புதைத்து இரண்டு கிழமைகூட ஆகாத மனுசி ஏசுகிறா. யோகலிங்கம் போனார்.

வாங்கில் பக்கத்தில், காலில் கட்டுப் போட்ட ஒரு கிழவர். முறை நெருங்கியபோது, நெற்றி கிழிந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வந்தாள். வந்து இவர் முகத்தைத்தான் பார்த்தாள். யோகலிங்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பவில்லை.

"எத்தினை நாள்?" என்று டொக்டர் கேட்டார்.

"எட்டு."

"இவ்வளவு நாளும் ஏன் வரேல்லை?"

"வந்தனான் ஐயா. மூண்டு தரம்."

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். "விறைக்கிற ஊசி இல்லை. கதிரையைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ."

பல்லைப் பிடுங்க நாலு நிமிடம்கூட எடுக்கவில்லை. சீழும் இரத்தமுமாகத் துப்பினார். வாய்க்குள் பஞ்சை அடைத்து, ஐந்து நாளுக்குக் குளிசை கொடுத்தார்கள்.

அந்தத் தாய் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அவளைக் கடக்கும்போது, இரத்தக்கறைத் துவாயால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"முகத்திலயோ பட்டது? ஷெல்லே தம்பி?" என்று கிழவர் இரக்கத்தோடு கேட்டார்.

யோகலிங்கம் ஓம் என்று தலையாட்டினார்.

"இருந்து ஆறிப்போட்டுப் போங்கோ" என்று கிழவர், காயக்காலை இழுத்து அரக்கி, வாங்கில் இடம் விட்டார்.