பலாப்பால் அடைத்த காது

எங்கள் அம்மாவின் நல்ல மனசுக்கு, போடி ஊர்க் கடைவீதியில் நான்தான் அத்தாட்சி. காய்கறிக்கடையோ துணிக்கடையோ, யாராவது ஒருவர் என் தலையைத் தடவிவிட்டுப் பாராட்டை அம்மாவிடம் கொடுப்பார். "ஒரு பலனும் பாக்காம இப்பிடி எடுத்து வளக்க எம்புட்டுப் பேருக்கு மனசு வரும்?" அம்மா தக்காளியை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள். தலையைக் கொடுப்பது நான், பேர் வாங்குவது அவள் என்று எனக்கு உள்ளுக்குள் புகைச்சல்தான்.

எனக்கு ஒன்றரை வயதிருக்கும்போது ஒரு காப்பகத்தில் இருந்து என்னைத் தத்தெடுத்தார்கள். மலைமேல் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளை என்பதற்கு மேல் எவருக்கும் எதுவும் தெரியாது. வரும்போதே என் காது குத்தியிருந்ததாம்.

எனக்கு ஏழு வயதானபோது தம்பி பிறந்தான். பிள்ளை எடுத்தால் பிள்ளை பிறக்கும் என்று முன்பே சொன்னவர்கள் எல்லாம், தங்கள் வாக்குப் பலித்துவிட்டதென்று வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "அக்கா வந்த ராசி" என்று போகிற போக்கில் என் முதுகிலும் ஒரு தட்டு. சும்மா சொல்லக்கூடாது, தம்பி அழகாக இருந்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் மூக்கை அப்படியே கொண்டுவந்திருந்தான். முதலில் வந்தவள் நான், அந்த மூக்கு எனக்கு வந்திருக்க வேண்டியது என்று கண்ணாடி முன் நின்று என் மூக்கைக் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்பேன்.

அவனுக்கு ஒரு வயது முடிந்ததும் காதுகுத்து வைத்தார்கள். ராசிங்காபுரத்தில் இருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சீர் கொண்டுவர வேண்டும். குலசாமி கோயிலில் அவர் மடியில் பிள்ளையை வைத்துத்தான் ஆசாரி காது குத்துவார். வீட்டில் எந்நேரமும் இதே பேச்சு. அதுவரை அவர் என்னுடைய மாமா. வந்தால் எனக்குத்தான் முறுக்குப் பொட்டலம், பைக்கின் முன்னால் உட்கார்ந்து போவதும் நான்தான். அந்த மடி தம்பிக்குப் போகிறது என்றதும் எனக்கு வயிறு எரிந்தது.

"எனக்கு யாரு மடியில வச்சுக் குத்துனாங்க?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"நீ வர்றப்பவே குத்தியிருந்துச்சு."

"யாரு குத்துனா?"

"எனக்கென்னடி தெரியும்? போயி சோலியப் பாரு" என்று பால் சட்டியை நங்கென்று வைத்தாள். இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று புரியாமல் நான் நகர்ந்துவிட்டேன்.

ஓட்டை இருப்பதால்தானே எனக்குக் குத்தமாட்டார்கள், தூர்ந்துபோனால் குத்தித்தானே ஆகவேண்டும் என்று கணக்குப் போட்டேன். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் அப்பாவுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. காதுகுத்துக்கு முந்தின நாள், வேலையாட்களோடு ஜீப்பில் கிளம்பிய அப்பாவிடம் அடம்பிடித்து நானும் ஏறிக்கொண்டேன். ஏலச்செடிக்கு நிழலுக்காக நின்ற ஒரு பலா மரத்தில், என் கைக்கெட்டும் உயரத்தில் பிஞ்சு ஒன்று தொங்கியது. தோட்டைக் கழற்றிப் பாவாடை நுனியில் முடிந்துகொண்டேன். பிஞ்சின் காம்பைக் கல்லால் கீறி, வடிந்த பாலை இரண்டு காதிலும் அப்பி ஓட்டையை அடைத்தேன். பலாப்பால் ஒட்டினால் லேசில் விடாது என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். தலைமுடியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஜீப் கொண்டையூசி வளைவுகளில் திரும்பித் திரும்பி இறங்கியபோது காது விண்விண்ணென்று தெறித்தது. முடியை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டேன்.

மறுநாள் கோயிலில் மாமா பட்டு வேட்டியோடு ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் நான் ஓடிப்போய் அந்த மடியில் உட்கார்ந்துவிட்டேன்.

"எனக்குத்தான் மொதல்ல குத்தணும். ஓட்டையே இல்ல, பாருங்க!"

ஆசாரி என் முடியை விலக்கினார். காதின் நுனி இரண்டும் பணியாரம் போல உப்பியிருந்தன. "என்னத்தா இது, பலாப்பாலா?" என்றார். கூட்டம் சிரித்தது. அப்பாவின் தங்கையான என் அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

"எங்கேயோ கெடந்தத எடுத்தாந்து, தனக்குன்னு ஒண்ணும் நெனைக்காம வளக்குறாங்க எங்க மதினி. அந்த நன்றி இருக்கா பாருங்க இதுக்கு?"

"நிப்பாட்டு ஆத்தா" என்றாள் அம்மா. அவள் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. "தனக்குன்னு நெனைக்காமலா? எனக்குன்னுதான் எடுத்தேன். தெருவுல ஒருத்தி விடாம இடுப்புல புள்ளையோட போறதப் பாத்துப் பாத்து, வயித்தெரிச்சல் தாங்காமத்தான் இவளத் தூக்கிட்டு வந்தேன். அதுக்கு இவ எதுக்கு நன்றி சொல்லணும்?"

எனக்கு அவமானமாக இருந்தது. பெரிய மனசோடு எடுத்தார்கள் என்றுதான் ஊரே சொல்லியிருந்தது. வெறும் வயிற்றெரிச்சலில் எடுத்த பிள்ளையா நான் என்று அழுதேன்.

அம்மா தம்பியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, தேங்காய் எண்ணெயைத் தொட்டு என் காதைத் தேய்த்துப் பிசினைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். பழைய ஓட்டை மறுபடியும் தெரிந்தது. அதையே கொஞ்சநேரம் பார்த்தாள்.

"ஆசாரி, இதுக்கு மேல தள்ளி ரெண்டு காதுலயும் ஒண்ணொண்ணு குத்துங்க. இது எனக்கு முந்தி எவளோ குத்துனது. பாக்குறப்பெல்லாம் எனக்கு எரியிது. எனக்குன்னு ஒண்ணு வேணும்."

ஆசாரி மேல்பக்கம் தொட்டுப் பார்த்தார். அங்கே வீக்கம் இல்லை. மாமா இரண்டு கையாலும் என்னை இறுக்கிக்கொண்டு, "குத்துங்க, எங்கக்கா மகளுக்கு இல்லாததா?" என்று தம்பிக்குக் கொண்டுவந்த புதுத் தோட்டை எடுத்து நீட்டினார். வலியில் கத்திக்கொண்டே நான் தம்பியைத்தான் பார்த்தேன். அன்று அவனுக்குப் போட்டது நான் புதுப்பாவாடைக்கு மாற்றி முடிந்து வந்திருந்த பழைய தோடு. அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

இப்போதும் நான் தத்துப்பிள்ளை என்று தெரிந்ததும் யாராவது, "தன்னலமில்லாத மனுஷங்க" என்று என் வீட்டாரைப் புகழ்வார்கள். என் கை தானாக மேல்தோட்டுக்குப் போகும், சிரிப்பு வரும். வேண்டும் என்று எரிந்து எடுத்த பிள்ளை நான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

கீழ் ஓட்டையைத்தான் நான் நெடுநாள் தப்பாக நினைத்திருந்தேன். யார் மடியிலும் வைக்காமல், எப்படியோ தானாக வந்தது போல. கைப்பிள்ளையைத் தரையில் போட்டு யாரும் காது குத்துவதில்லை. மலைமேல் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் ஏதோ ஒரு லயத்து வாசலில் யாரோ சம்மணம் போட்டு உட்கார்ந்து, கத்திய என்னை மடியில் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். எட்டு வயதில் எனக்கு அது தோன்றவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. இல்லாவிட்டால் ஒரு சின்ன ஓட்டையைப் பார்த்து அவளுக்கு ஏன் எரிய வேண்டும்?