மூலை வெட்டிய அட்டைகள்

நெருக்கடி நிலை முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மறையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் செக்ரோல் கிளார்க்காக இருந்தேன். யார் வேலைக்கு வந்தார், எவ்வளவு கொழுந்து பறித்தார் என்று தினமும் பெயர்வாரியாக எழுதுகிற வேலை. கூடவே மதுரை நாளிதழ் ஒன்றுக்குப் பகுதிநேர நிருபர். மழை, யானை, மண்சரிவு என்று எழுதி உடுமலை பஸ்ஸில் கொடுத்தனுப்புவேன். அதனால் ஓர் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடைபோட்டுவிடுவேன் என்ற நினைப்பு எனக்கு இருந்தது.

ஒரு திங்கட்கிழமை அதே பஸ்ஸில் ஓர் இளைஞர் வந்து இறங்கினார். கண்ணாடி, தோள்பை, கயிறு கட்டிய இரண்டு அட்டைப்பெட்டிகள், மலைக்குக் கொஞ்சமும் உதவாத ஷூ. பம்பாயில் வணிக நிர்வாகத்தில் பட்டமேற்படிப்பு படிப்பதாகவும், கம்ப்யூட்டரைக் கொண்டு ஒரு நிறுவனத்தின் தகவல்களை நிர்வகிப்பதுதான் தன் சிறப்புப் பாடம் என்றும் சொன்னார். ஆபீஸ் புத்தகத்தில் இருப்பதற்கும் நிஜத்தில் நடப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடித்துக் கட்டுரை எழுதினால்தான் பட்டமாம். கம்ப்யூட்டர் படிக்கிறவருக்குத் தேயிலைக் காட்டில் என்ன வேலை என்று எனக்கு அன்றே உறுத்தியது.

பெட்டிகளில் கெட்டியான அட்டைகள் இருந்தன. ஆளுக்கு ஓர் அட்டை. விவரங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு போய், பம்பாயில் துளை போட்டு இயந்திரத்துக்குள் விடுவார்களாம். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு மூலை வெட்டப்பட்டிருந்தது. தலைகீழாக அடுக்கினால் தெரிய வேண்டும் என்பதற்காக என்று விளக்கினார். கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் யாரும் அதை நம்பவில்லை.

"மூலைய வெட்டியிருக்கே, இது ஆள வெட்டுற சீட்டுல்லா?"

"எல்லாச் சீட்டுலயும் வெட்டியிருக்குடி."

"அப்ப எல்லாருக்குந்தான். நிம்மதியாப் போச்சு."

வயதான ஒரு பெண் நேரே இளைஞரிடமே போய், "தம்பி, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேசனுக்குப் பேர் எழுத வந்தீயளா? எனக்கு அறுவது ஆச்சு, என்னைய விட்டுருங்க" என்றார். கொட்டகையே சிரித்தது. இளைஞரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எனக்குத் தனிக் காரணம் இருந்தது. தற்காலிகத் தொழிலாளி தொடர்ந்து வேலை செய்தால் நிரந்தரம் கேட்கலாம். ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை இரண்டு வாரம் அவர் பெயரைச் செக்ரோலிலிருந்து அடித்துவிடுவது எஸ்டேட் வழக்கம். ஆனால் கொழுந்து அதற்காகக் காத்திருக்காது. அந்த இரண்டு வாரமும் அவர் வேலைக்கு வருவார். அவர் பறித்ததை, ஊருக்குப் போயிருக்கும் வேறொருவர் பெயரில் எழுதிக் கூலி கொடுப்போம். எஸ்டேட்டில் என் பொறுப்பில் இருந்த டிவிஷனில் அப்படி இருந்தவர் ஒரே ஒரு பெண். கணவரை இழந்தவர். நான்கு வருடமாகத் தற்காலிகம். தொழிலாளர் குடியிருப்பில், அண்ணனுடைய லயத்து அறையில், சேலையைத் திரையாகக் கட்டி, இரண்டு பிள்ளைகளோடு ஒண்டிக்கொண்டிருந்தார். நிரந்தரமானால்தான் அவருக்கென்று ஓர் அறை கிடைக்கும்.

இரண்டாம் நாள் மாலை அந்த இளைஞர் என் மேசைக்கு வந்தார். "பேர் ஒருத்தருது, வேலை இன்னொருத்தருது, அப்படி எங்கயாவது நடக்குதா சார்? எனக்கு வேண்டியது அதுதான். யாரையும் தண்டிக்க மாட்டேன்னு மேனேஜர்கிட்ட எழுதி வாங்கியிருக்கேன்" என்று கடிதத்தை நீட்டினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். புதிதாக வந்திருந்த துரையின், அதாவது மேனேஜரின், கையெழுத்தேதான். அசல் என்று தெரிந்ததும் சந்தேகம் கூடியது. காரியம் இல்லாமல் எந்தத் துரை இப்படி எழுதிக் கொடுப்பார்? பெயர் தெரிந்தால் அந்தப் பெண்ணைத்தான் முதலில் வெளியே அனுப்புவார்கள் என்று தோன்றியது. "அப்படியெல்லாம் இங்கே கிடையாது" என்றேன்.

மறுநாள் என் டிவிஷனுக்கு அட்டை எழுதும் முறை. அந்தப் பெண்ணைக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டு, பெயர் அடித்திருந்த வாரங்களில் வேலைக்கு வரவில்லை என்று சொல்லச் சொன்னேன்.

"நல்லதுக்குக் கேக்குற மாதிரில்லா இருக்கு கிளார்க்கய்யா?"

"நல்லதுக்குக் கேக்குறவனுக்கு உம் பேரு எதுக்கு?"

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் போனார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நான்தான் பென்சில் பிடித்தேன். தொடர்ச்சியாக வேலை செய்தாரா என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். இளைஞர் அதைப் பார்த்துவிட்டு, "நிஜமாவாக்கா? நடுவுல வரவே இல்லையா?" என்று கேட்டார். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "ஆமா சார், வரல" என்றார்.

இரண்டு மாதம் கழித்து ஆபீஸ் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். வருடம் முழுவதும் வேலை செய்து வந்தது அட்டைகள் மூலம் தெரியவந்ததால், தற்காலிகத் தொழிலாளர்கள் ஒன்பது பேர் நிரந்தரமாக்கப்படுகிறார்கள், அறைகளும் ஒதுக்கப்படும். ஒன்பது பேரும் அடுத்த டிவிஷன். அங்கிருந்த கிளார்க் அவர்களை இஷ்டம்போல் பேச விட்டிருந்தார்.

பலகைக்கு முன்னால் அந்தப் பெண் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் வழிவிட்டு, "எம் பேரு எத்தனாவதா வருது கிளார்க்கய்யா?" என்றார்.

நான் மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தேன். படிக்க வேண்டிய அவசியமே இல்லாத பட்டியல் அது.

நேராகத் துரையின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "செக்ரோலும் நீங்க எழுதினது, அட்டையும் நீங்க எழுதினது. ரெண்டும் பொய்ங்கறீங்க. இப்ப வாயால சொல்றத மட்டும் நான் எப்படி நம்பறது?" என்று கேட்டுவிட்டு வேறு ஃபைலை எடுத்துக்கொண்டார். கடிதத்தில் எழுதிக் கொடுத்தபடி எனக்கு எந்தத் தண்டனையும் தரவில்லை.

பட்டியலில் பெயர் இல்லை, அதற்குக் காரணம் நான்தான் என்று அன்றே அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். கூடையை இறக்காமலேயே கேட்டுக்கொண்டார். "எனக்காவத்தான பயந்தீக, விடுங்க" என்றார். அதில் பாதிதான் உண்மை. பொய்க் கணக்கு வெளியே வந்தால் என் வேலை போய்விடும் என்ற பயம்தான் முதலில் வந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பே அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏலக்காய்த் தோட்டம் ஒன்றுக்குப் போய்விட்டார். அந்த இளைஞர் பட்டம் வாங்கிய பிறகு, என் ஒத்துழைப்புக்கு நன்றி சொல்லி ஒரு கார்டு போட்டிருந்தார்.

பின்னாளில் முழுநேரப் பத்திரிகைக்காரனானேன். யார் எந்தத் தாளை நீட்டினாலும் இன்றும் இரண்டு முறை புரட்டிப் பார்க்கிறேன். ஆனால் என் சந்தேகத்துக்கு இன்னொருவர் வாயால் பதில் சொல்ல வைப்பதை மட்டும் அன்றோடு விட்டுவிட்டேன்.