குதிகால் மச்சம்

என் கணவருக்கு இடது குதிகாலில் ஒரு மச்சம். அப்போது அவர் சேலத்துக்கு மேலே மலையில், வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் அது அவரைக்கொட்டை அளவுக்குப் பெருத்து, ஓரம் பிசிறி, மை கொட்டிய மாதிரி பரவியது.

"கால்ல மச்சம் பெருசானா யோகமுங்க அண்ணி," என்றாள் அவர் தங்கை. அந்த மாதமே எஸ்டேட்டில் பெரிய குவார்ட்டர்ஸ் கொடுத்துவிட்டார்கள். போதாதா? வருகிறவர்கள் எல்லாம் அவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார்கள். "மச்சக்காரருங்க!" என்று வாயைப் பிளந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிட எப்படித்தான் மனசு வந்ததோ.

எனக்குக் குமட்டியது. அவர்கள் சொன்ன யோகம் புண்ணாகி நீர் வடிந்தது. அவர் சாக்ஸைக் குச்சியால் தூக்கி வாளியில் போடுவேன். "ஐயே, தள்ளிப் போங்க," என்று மூக்கைப் பொத்துவேன். எதையும் மறைக்கத் தெரியாத முகம் எனக்கு. அதில் பெருமை வேறு.

சேலத்தில் வெட்டி எடுத்தார்கள். தோல் புற்றுநோய் என்றார்கள். முழுசாக எடுத்தாயிற்று என்று நம்பி ஜீப் பிடித்து மலையேறினோம். தையல் பிரித்த பிறகும் அந்தக் காலை நான் தொடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவர் வெளுத்துப்போனார். நாலடி நடந்தால் உட்கார்ந்துகொண்டார். ஒருநாள் வயிறு முறுக்கிப் பச்சையாக வாந்தி எடுத்தார். அந்த நாற்றம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. பாத்திரத்தை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுபடி சேலம். காலில் இருந்த அதே புற்றுதான் சிறுகுடலில் கறுப்புக் கறுப்பாக முளைத்து அடைத்திருக்கிறது, எல்லாவற்றையும் எடுக்க முடியவில்லை என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர். பிறகு கேட்டார்: "வெளிக்குக் கறுப்பாப் போச்சாம்மா? தார் மாதிரி? குடல்ல ரத்தம் கசிஞ்சா அப்படிப் போகும்."

"இல்லைங்க," என்று அடித்துச் சொன்னேன்.

கட்டிலில் கிடந்தவர் வாய் திறந்தார். "போச்சுங்க. ஆறு மாசமாவே. இவளுக்கு இதெல்லாம் நொம்ப அருவருப்புங்க. அதான் இவ எந்திரிக்கறதுக்கு முந்தியே போயி, நானே கழுவி உட்டுருவேன்."

அப்போதே வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அன்றைக்கு என்னை நினைத்தே எனக்குக் குமட்டியது.

அதன் பிறகு அவர் நான்கு மாதம் இருந்தார். எல்லாவற்றையும் என் கையாலேயே அள்ளினேன், துடைத்தேன். ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார்.