நானூறு போளியும் ஒரு பகீரும்

செல்வமேரி இதுவரை ஒருத்தரையும் ஏமாற்றியதில்லை. நல்ல மனசு என்று சொல்லிவிட முடியாது; அவளுக்கு அதற்கெல்லாம் நேரம் இருந்ததில்லை. ஏரல் பக்கத்திலிருந்து அமல்ராஜைக் கட்டிக்கொண்டு புனேயில் இருக்கும் போசரிக்கு வந்தவள். அவன் லேத் பட்டறையில் இரும்பைச் சீவ, இவள் பக்கத்து வீட்டு மராட்டிக்காரியிடம் புரண்போளி தட்டக் கற்றுக்கொண்டாள். பதினைந்து வருஷமாக மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கம்பெனி கேட்டுக்கு எதிரே தவாவோடு நிற்கிறாள். 'காக்கூ, காக்கூ' என்று மராட்டியில் சித்தி முறை சொல்லி அந்த வாசலே அவளைச் சுற்றிக்கொள்ளும்.

ஆனால் அவள் போளி போசரியைத் தாண்டியதே இல்லை. போன மாதம்தான், விஷ்ராந்த்வாடியில் இருக்கும் அனந்தராமன், பேங்கில் ரிட்டையர் ஆனவர், மகள் வைஷுவின் ரிசப்ஷனுக்கு நானூறு வேண்டுமென்று வாட்ஸப்பில் சுத்தத் தமிழில் எழுதி அனுப்பினார். முதல் கல்யாண ஆர்டர்! செல்வமேரி அதை அமல்ராஜுக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினாள். நாலாவது தடவைக்கு அவன் குளிக்கப் போய்விட்டான்.

அந்த நேரம் பார்த்தா ஜெயந்த் வந்து சேர வேண்டும்? ஐடி வேலை, சனி ஞாயிறுகளில் 'புனே தமிழ் தமாக்கா' என்று ஒரு யூடியூப் சேனல். புனேயிலேயே பிறந்து வளர்ந்த பையன், தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுவான், வாசிப்பதில் பூஜ்யம். மைக்கை நீட்டி, "ஆன்ட்டி, உங்க சீக்ரெட் என்ன?" என்றான்.

"சீக்ரெட்டு என்ன பெரிய சீக்ரெட்டு! இவிய பூரணத்துல எங்கூரு தேங்காப்பூவக் கலந்துருதேன். பதினஞ்சு வருசமா இந்தப் போளியத்தான் விக்கேன், ஒருத்தரும் கண்டுபிடிக்கல. ருசியா இருக்குன்னு தின்னுட்டுப் போறாவ" என்று சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ வந்தது. மேலே கொட்டை எழுத்தில்: 'கலந்து கலந்து 15 வருஷமா போலி விற்கிறேன்... ஒருத்தரும் கண்டுபிடிக்கல! புனே பெண் பகீர் வாக்குமூலம்.' தேங்காய்ப்பூ காணாமல் போயிருந்தது. ருசி போன இடம் தெரியவில்லை. ள இருந்த இடத்தில் ல சட்டமாக உட்கார்ந்திருந்தது.

மறுநாள் கேட்டில் மராட்டிக்காரர்கள் வழக்கம்போலத் தின்றார்கள். அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதது ஆண்டவன் புண்ணியம். வாசிக்கத் தெரிந்த அனந்தராமன் போன் செய்தார்.

"ஆர்டர் வேண்டாம்மா. நாலு பேர் வர இடம். நீங்களே உங்க வாயால சொல்லியிருக்கேளே!"

செல்வமேரி ஜெயந்தைப் போனில் பிடித்தாள். "தலைப்ப வாசி பாப்போம்."

"எனக்கு தமிழ் ரீட் பண்ண வராது ஆன்ட்டி. நீங்க பேசினத ஆப்தான் கேட்டு டைட்டில் போட்டுச்சு. பட் வ்யூஸ் செம்ம, அறுபதாயிரம்!"

"போளின்னு சொல்லு."

"போலி."

"வெளங்கிரும்" என்று போனை வைத்தாள். வைத்த கையோடு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பதினைந்து வருஷம் அனலில் நின்று சேர்த்த பேரை ஒரு விளங்காத ஆப்பு ஒரே எழுத்தில் நாசமாக்கிவிட்டதே! மூக்கைச் சிந்திவிட்டு, நாலு போளியை டப்பாவில் அடைத்துக்கொண்டு விஷ்ராந்த்வாடிக்கு பஸ் ஏறினாள்.

அனந்தராமன் கதவைத் திறந்தாரே ஒழிய, உட்காரச் சொல்லவில்லை. போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதோ பாருங்கோ, போலின்னு எழுத்துலயே இருக்கு. எல்லாரும் ஜாக்கிரதையா இருக்கட்டும்னு மூணு குரூப்புக்கு நானே அனுப்பிட்டேன்."

"எழுத்துல இருந்தா எல்லாம் சரிங்கியளா சார்?"

"எழுத்துதானேம்மா ஆதாரம்!"

"அப்ப இதையும் வாசிங்க" என்று அவள் தன் போனை நீட்டினாள். போன மாதம் அவர் அனுப்பிய மெசேஜ். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உரக்கவே வாசித்தார்:

"'என் மகளின் திருமண வரவேற்புக்கு நானூறு போலி வேண்டும். தரமாக இருக்க வேண்டும்.'"

உள்ளேயிருந்து அவர் மனைவி நீலா குபீரென்று சிரிக்கிற சத்தம் கேட்டது.

"நானூறு போலி கேட்டவரு நீங்க" என்றாள் செல்வமேரி. "நான் உங்கள எந்தக் குரூப்புல போட்டேன் சார்? மனுசன் போளிதான கேப்பாருன்னு, போளின்னுதான வாசிச்சேன்."

அனந்தராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. "உட்காருங்கோம்மா" என்றார். ஒரு போளியைப் பிட்டு வாயில் போட்டவர், அடுத்ததற்குக் கேட்காமலே கை நீட்டினார்.

"ஆர்டர் அப்படியே இருக்கட்டும். தப்புன்னு மூணு குரூப்புலயும் இப்பவே போட்டுடறேன்" என்று போனைத் தட்ட ஆரம்பித்தார்.

செல்வமேரி பதறிப்போய் அதைப் பிடுங்கினாள். "சும்மா இருங்க சார், அத நான் எழுதுதேன்!"