பனியில் படுக்காத முள்

ஞானம்மா முள்ளைப் பார்த்தால்தான் எதையும் நம்புவாள். தராசு முள்ளைச் சொல்கிறேன். இலங்கையில், கண்டிச் சீமை மேமட்டத் தோட்டத்தில் பதினேழு வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்தவள் அவள். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் மற்றப் பெண்கள் கூடையை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இவள் மட்டும் தராசுக்கு நேரே போய் நிற்பாளாம். "என்னா ஞானம், தராசத் தின்னுருவ போல இருக்கே" என்று கணக்கப்பிள்ளை கேலி செய்வாராம். செய்யட்டுமே! ஒரு றாத்தல் குறைத்து எழுத அந்த மனுஷனுக்குக் கடைசிவரை துணிச்சல் வரவில்லை.

எழுபத்து நாலில் கப்பலேறி வந்து, மண்டபம் முகாமில் மூன்று மாதம் கிடந்து, புருஷன் அழகையாவோடு பெரும்பாறைக் காப்பித் தோட்டத்து வேலைக்கு வந்து சேர்ந்தாள். தங்கை வள்ளி வரவில்லை. வள்ளி குடும்பத்துக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்தது, இவர்களுக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட். லயம் என்கிற ஒரே தோட்டத்து வரிசைவீட்டில் பிறந்து ஒரே தட்டில் தின்ற இரண்டு பேரை இரண்டு காகிதம் பிரித்துப் போட்டது. என்ன நியாயமோ, யார் கண்டார்கள்.

அதிலும் ஒரு காலைப் பொழுதை ஞானம்மாவால் மறக்கவே முடியவில்லை. அங்கே தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டு நடக்கும். வேலையாட்கள் வரிசையாக நிற்க, கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். "ஞானம்மா" என்றால் "இருக்கேங்கய்யா." அடுத்து "வள்ளி" என்பார், வள்ளியின் கீச்சுக்குரல் பதில் சொல்லும். கப்பலுக்குக் கிளம்பிய அன்றைக்கு மூட்டை முடிச்சோடு லயத்து வாசலில் நின்றபடி அந்தப் பெரட்டைக் கேட்டாள். கருப்பம்மாளுக்கு அப்புறம் நேரே வள்ளி. நடுவில் இருந்த பேரைக் கோடு போட்டு அடித்துவிட்டார்கள். ஆள் அங்கேதான் நிற்கிறாள், பேர் அதற்குள் போய்விட்டது.

மாதம் ஒரு கடிதம் வந்துகொண்டிருந்தது. எண்பத்து மூன்றில் அங்கே கலவரம் நடந்த பிறகு அதுவும் நின்றது. இவள் போட்ட கடிதங்களுக்குப் பதிலும் இல்லை, அவை திரும்பி வரவும் இல்லை. மிச்சமிருந்தது ரேடியோ ஒன்றுதான். இலங்கை வானொலியில் காலையில் பிறந்தநாள் வாழ்த்து வாசிப்பார்கள். லயத்தில் அக்காளும் தங்கையும் ஒன்றாக உட்கார்ந்து கேட்டதுதான். வள்ளி எங்கே இருந்தாலும் அதைக் கேட்காமல் இருக்கமாட்டாள் என்று ஞானம்மா நம்பினாள். ஆனால் இந்தத் தோட்டத்து வீடுகளில் கரண்டு கிடையாது. ரேடியோவுக்குப் போடும் பேட்டரிக் கட்டை பத்து நாளில் செத்துப்போகும். வேறு வாங்க மலையிறங்கி வத்தலக்குண்டுக்குப் போகவேண்டும்.

எண்பத்தேழு சித்திரையில் ஒரு சங்கத்துக்காரர்கள் வந்து, வீட்டுக்கு ஒரு சூரிய விளக்கு வைத்துத் தருவதாகச் சொன்னார்கள். இரண்டு கம்பெனி வந்திருந்தது. எது வேண்டுமோ அந்தந்த வீட்டுக்காரர்களே சொல்லிக்கொள்ளலாம். நல்லசாமி என்பவர் கொண்டுவந்தது 'சுடர்': வெயில் வாங்கப் பளபளவென்று நீலத் தட்டு, இரண்டு குழல் விளக்கு. கந்தவேல் கொண்டுவந்தது 'உதயம்': கருஞ்சிவப்பில் அழுக்குக் கண்ணாடி மாதிரி ஒரு தட்டு, சின்ன விளக்கு ஒன்று, ரேடியோவுக்கு ஒரு துளை. உச்சி வெயிலில் இரண்டையும் வைத்துக் காட்டினார்கள். சுடர் பெட்டியில் கரண்டு எவ்வளவு வருகிறது என்று காட்டும் முள் துள்ளிக்கொண்டு ஏறியது. உதயத்தின் முள் பாதியோடு நின்றுவிட்டது. இருபத்திரண்டு வீட்டில் இருபத்தொன்று சுடர்தான் என்றது. அழகையாவும் அதைத்தான் சொன்னான். யானை வாசலுக்கு வந்து நின்றாலும் தெரியாத இருட்டில் பதிமூன்று வருஷம் கிடந்த மனுஷன், அவன் ஆசைப்பட்டதிலும் தப்பில்லை.

ஞானம்மா அசையவில்லை. "வெயில் அடிக்கிறப்ப யாருதான் நல்லா இருக்கமாட்டாங்க தம்பி? பனி எறங்கட்டும், அப்பப் பாப்போம்" என்றாள்.

நல்லசாமிக்குச் சுள்ளென்று வந்தது. வேறு சோலி இல்லையா என்று முனகிக்கொண்டுதான் உட்கார்ந்தார். மூன்று மணிக்குப் பனி இறங்கி எதிர்வீட்டை மறைத்தது. பழைய பழக்கம், ஞானம்மா இரண்டு பெட்டிக்கும் நேரே போய் நின்றாள். சுடரின் முள் படுத்துவிட்டது. உதயத்தின் முள் இறங்கியது, ஆனால் படுக்கவில்லை. அவள் உதயத்துக்குக் கைநாட்டு வைத்தாள்.

அழகையா ஆறு மாதம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். "ஊரே பகலாட்டம் கெடக்கு, நம்ம வீடு மட்டும் அழுது வடியுது" என்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம் புலம்பினான். அவள் ஆவணியில் ஆளைப் பிடித்து, வள்ளிக்கு வாழ்த்து வாசிக்கச் சொல்லி வானொலிக்கு ஒரு கடிதம் எழுதவைத்துப் போட்டாள். நவம்பர் பதினொன்று வள்ளியின் பிறந்தநாள். பிரஜாவுரிமைக்கு அலைந்த அலைச்சலில் வீட்டில் எல்லோருடைய பிறந்த தேதியும் எல்லோருக்கும் மனப்பாடம்.

ஐப்பசி அடைமழையோடு பனியும் சேர்ந்துகொண்டு நவம்பர் ஏழிலிருந்து வெயில் கண்ணிலேயே படவில்லை. சுடர் வைத்த வீடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பதினொன்றாம் தேதிவரை ரேடியோவுக்குக் கரண்டு தாங்குமா என்று ஞானம்மா நாளை எண்ணினாள். ஏழாம் தேதியே பொழுது சாய்ந்து தோட்டத்திலிருந்து வந்தால் வீட்டில் பழைய சிம்னி விளக்கு எரிகிறது. மறுநாளும் அப்படியே. நாலு நாளாக அழகையா விளக்குப் பொத்தானைத் தொடவே இல்லை.

"லைட்டு ஏன் போடல?"

"அந்த அழுமூஞ்சி வெளிச்சம் எனக்கு ஆகாதுன்னு ஒனக்குத் தெரியாதா?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

எதற்கு மிச்சம் பிடிக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் சோற்றில் இன்னொரு அகப்பை குழம்பு ஊற்றினாள்.

பதினொன்றாம் தேதி வெள்ளனே எழுந்து ரேடியோவை முடுக்கினாள். கரகரவென்று இரைந்து, பிறகு குரல் தெளிந்தது. யார் யாருடைய பேரோ வந்தது. அழகையா காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றான்.

"இந்தியா, பெரும்பாறையிலிருந்து அக்கா ஞானம்மா..."

ஞானம்மா சட்டென்று எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக நின்றாள்.

"இருக்கேங்கய்யா" என்றாள்.

அழகையா சிரிக்கவில்லை.

"...தன் அன்புத் தங்கை, மேமட்டத் தோட்டம் வள்ளிக்கு வாழ்த்துத் தெரிவிக்கிறார்."

ஞானம்மா குனிந்து ரேடியோவில் காதை வைத்தாள். அடுத்தது வள்ளி பதில் சொல்லவேண்டிய முறை. கரகரப்புக்குள்ளே அந்தக் கீச்சுக்குரலுக்காக மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். அறிவிப்பாளர் அடுத்த பேரை வாசிக்கப் போய்விட்டார்.